பழைய பத்மினி காரை வாங்கி ஓட வைப்பது: எந்த வேலை முதலில், எது கடைசியில்

2019-இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் கிடந்த 1978 மாடல் பிரீமியர் பத்மினியை 70,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருஷத்தில், ஒன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வருஷம் நாலு மாதம் ஆனது. வாங்கிய விலை போக 4,80,000 போனது. அதில் பாதியாவது ஒரே வேலையை இரண்டு முறை செய்ததற்கான காசு. வேலை தெரியாததால் வந்த நஷ்டம் கொஞ்சம்தான். வரிசை தெரியாததால் வந்ததுதான் அதிகம்.

அதன் பிறகு ஆறு பேருடன் பழைய வண்டி பார்க்கப் போயிருக்கிறேன். ஆறு பேரும் நான் விழுந்த குழியின் ஓரத்தில்தான் வந்து நின்றார்கள். கீழே இருப்பது பத்மினிக்கானது. பழைய ஃபியட்டுக்கு அப்படியே பொருந்தும், அம்பாசிடருக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

1. வண்டி பார்க்கும் முன்: இடம், ஆள், காசு

முதலில் இடம். பத்மினி சுமார் நாலு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். கழற்றிப் போட்டால் அதே வண்டிக்கு மூன்று மடங்கு இடம் வேண்டும். கூரை கட்டாயம். தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தார்ப்பாய்க்கு உள்ளே வேர்க்கும், வெட்ட வெளியில் இருப்பதைவிட வேகமாகத் துரு ஏறும்.

இடம் இல்லை, பட்டறையிலேயே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். பட்டறைக்காரருக்குத் தினக்கூலி கொடுப்பது அன்றாடம் வந்து போகும் வண்டிகள். உங்கள் வண்டி மெல்ல மூலைக்குப் போகும். ஆறு மாதத்தில் அதன் மேல் வேறொரு வண்டியின் பம்பர் சாய்த்து வைத்திருக்கும், உங்கள் ஹெட்லைட் வளையம் ஒன்று காணாமல் போயிருக்கும். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது ஆள். கார்புரேட்டரைக் காதால் கேட்டு ட்யூன் செய்யவும், பாயிண்ட் செட் பண்ணவும் தெரிந்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் இப்போது அறுபதை ஒட்டியவர்கள். வண்டி வாங்கிய பிறகு ஆளைத் தேடாதீர்கள். ஆளைப் பிடித்து, அவரையும் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். டிங்கரிங் (பாடித் தகர வேலை) ஆள் வேறு, மெக்கானிக் வேறு, எலெக்ட்ரீஷியன் வேறு. மூன்றையும் நானே பார்க்கிறேன் என்பவர் மூன்றையும் அரைகுறையாகத்தான் பார்ப்பார்.

காசைப் பொறுத்தவரை, வண்டி விலையை மறந்துவிட்டு வேலைக்கு மட்டும் ஒரு தொகை எழுதுங்கள். அதே அளவு தொகையை இன்னொரு முறை தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஓடும் நிலையில் இருக்கும் வண்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் லாபம்.

2. காகிதம் முதலில், வண்டி பிறகு

நான் தலைகீழாகச் செய்தேன். முழுப் பணத்தையும் கொடுத்து வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விற்றவர் மகன். ஆர்.சி. அப்பா பேரில். அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு அக்காக்கள், ஒருவர் வெளிநாட்டில். எல்லோரிடமும் சம்மதம் வாங்கிக் கையெழுத்து வந்துசேரப் பதினோரு மாதம்.

பார்க்க வேண்டியவை:

ஆர்.சி.யில் இருக்கும் சாசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா? எண் மேல் பெயிண்ட் ஏறியிருந்தால் தின்னர் தொட்டுத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பத்மினியில் டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டது ஏராளம். ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஆர்.சி. சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் படிவம் 29, 30. காலமாகிவிட்டால் முதலில் வாரிசு பேருக்குப் படிவம் 31, அதன் பிறகே உங்கள் பேருக்கு. இரண்டும் தனித்தனி வேலை, தனித்தனி நாள்.

1980-களில் வாங்கிய கடன் இன்னும் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? கடன் எப்போதோ அடைத்திருப்பார்கள், பதிவு மட்டும் நிற்கும். அதை நீக்கப் படிவம் 35-இல் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். கடன் கொடுத்த நிதி நிறுவனமே இன்று இல்லாமல் போயிருந்தால் அலைச்சல் உங்களுக்கு.

தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அதன் பின்பும் கூடியிருக்கிறது. தாமதத்துக்குத் தனி அபராதம் உண்டு. பதிவு காலாவதியான வண்டியானால் பெயர் மாற்றம் முதலிலா, புதுப்பித்தல் முதலிலா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு வையுங்கள். புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும், உங்கள் வண்டியோ அப்போது துண்டு துண்டாகக் கிடக்கும்.

மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய நம்பர்கள் பல அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏறியிருக்காது. நம்பரைப் போட்டுத் தேடுங்கள். வரவில்லை என்றால், முதலில் பதிவான ஆபீசில் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து ஏற்ற வேண்டும். அது வேறு ஊராக இருந்தால் நாள் கணக்கு கூடும். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் சேரும்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு, 2021 ஜூலையில் வந்த விதிப்படி ‘விஏ’ எழுத்துடன் விண்டேஜ் பதிவு வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

3. தகரத்தைப் பாருங்கள், எஞ்சினை அல்ல

எல்லோரும் போனதும் பானெட்டைத் திறப்பார்கள். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் லேத்தில் சரியாகும், இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். பத்மினிக்கு அடியில் தனிச் சட்டம் (சாசிஸ் ஃபிரேம்) கிடையாது. பாடிதான் சட்டம். பாடி அரித்துப்போனால் வண்டியே போனது.

காலை வெளிச்சத்தில் போங்கள். முந்தின நாள் கழுவி மெழுகு போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், அடியில் படுக்கப் பழைய சாக்கு, மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். தகரம் ‘டண்’ என்னும், பட்டி ‘டொக்’ என்னும்.

முதலில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டி. அடுத்து தரை விரிப்பைத் தூக்கித் தரை. பிறகு டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், கதவுகளின் அடி விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ் ஓரம், கடைசியாக சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்கள். கதவு அடியில் இருக்கும் ஓட்டை பயமில்லை. சில் பெட்டியிலோ சஸ்பென்ஷன் இடத்திலோ ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அது பெரிய செலவு.

கதவைத் திறக்கும்போது அது ஒரு விரற்கடை கீழே இறங்குகிறதா பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவைத் தூக்கி ஆட்டும்போது கீல் ஆடும். கீல் ஆடாமல் கதவு இறங்கினால் கதவைத் தாங்கும் தூணோ தரையோ தளர்ந்திருக்கிறது.

4. குறை இல்லாத வண்டியை வாங்குங்கள்

இரண்டு வண்டி இருக்கிறது. ஒன்று 70,000, கிரில் இல்லை, பின் விளக்குகள் இல்லை, கதவுக் கைப்பிடி இரண்டு இல்லை. இன்னொன்று 1,20,000, பெயிண்ட் மோசம், ஆனால் ஒரு திருகும் குறையவில்லை. நான் முதலாவதை வாங்கினேன்.

எஞ்சின் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சென்னை ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் பிஸ்டனும் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் எங்காவது இருக்கும். கிடைக்காதது அலங்காரச் சாமான்: கிரில், ஓரப் பட்டை, மீட்டர் கண்ணாடி, பின் விளக்கு மூடி. இவற்றுக்குப் புதுப்பேட்டையில் எட்டு முறை அலைந்தேன். மும்பையில் கருப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. அவற்றை உடைத்து வந்த சாமான் இருக்கும் வரைதான் கிடைக்கும், விலையும் ஏறிக்கொண்டே போகும். நான் அலங்காரச் சாமானுக்குக் கொடுத்தது மட்டும் 62,000. இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 50,000.

5. வந்த அன்றே ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

லாரியிலிருந்து இறக்கியதும் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகத் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடி நின்று “ஓடுமாங்க?” என்று கேட்பார்கள். வேண்டாம். வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் வேகத்தில் சுற்றினால் வளையம் உடையும், சுவரில் கோடு விழும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றால் இன்னும் ஆயில், இன்னும் இரண்டு நாள். ஸ்பேனரில் குழாய் சொருகி நெம்பாதீர்கள்.

எளிதாகச் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றுங்கள். டேங்க் பெட்ரோலைத் தொடாதீர்கள், அது பெட்ரோலாக இருக்காது. பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு சின்ன கேனிலிருந்து கொடுங்கள். ஓடினால் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டுமா, ஹெட் வேலை மட்டும் போதுமா என்று முடிவு செய்யத்தான் இந்த ஒரு நிமிஷம். கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் நாலு சிலிண்டரையும் அளந்து எழுதி வையுங்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்பது முக்கியம்.

6. கழற்றுவது: ஒரு நாளைக்கு ஒரு பகுதி

உற்சாகத்தில் நானும் மச்சானும் ஒரே வார இறுதியில் வண்டி முழுவதையும் கழற்றினோம். போல்ட் எல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில். மூன்று வருஷம் கழித்து அந்த டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்த நாளை மறக்க முடியாது. எது கதவு, எது கியர்பாக்ஸ், எது சீட் என்று ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பகுதியைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ. கழற்றிய போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘இடது முன் கதவு, கீல், 4 போல்ட், 2 வாஷர்’. கவர் மேல் மார்க்கரில் எழுதினால் ஆயில் பட்டு அழிந்துவிடும், சீட்டு உள்ளேதான் இருக்க வேண்டும். வயர்களை வெட்டாமல், முனையில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போட்டுக் கழற்றுங்கள்.

பழையது எதையும் தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடியைச் சுற்றியிருந்த பீடிங் ரப்பர் காய்ந்து நொறுங்கிக் கிடந்தது என்று குப்பையில் போட்டேன். பிறகு கடையில் “சாம்பிள் கொண்டாந்தீங்களா?” என்றார்கள். சாம்பிள் இல்லாமல் மூன்று முறை தப்பான ரப்பர் வாங்கினேன். உடைந்த துண்டாக இருந்தாலும் சாம்பிள் சாம்பிள்தான்.

7. வெட்டும் முன் குறுக்குக் கம்பி

இந்த ஒரு தவறுக்கு மட்டும் எனக்கு ஆன செலவு 55,000 ரூபாய், ஏழு மாதம்.

இரண்டு பக்கச் சில் பெட்டியும் அரித்திருந்தது. கதவுகளைக் கழற்றியாகிவிட்டது. வண்டி முன்னாலும் பின்னாலும் ஸ்டாண்டில் நின்றது, நடுவில் எதுவும் இல்லை. ஒரு பையன் கிரைண்டரோடு வந்தான், இரண்டு சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தான். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. புதுத் தகரம் மடித்து வெல்டிங் முடித்து, கதவை மாட்டினால், இடது கதவு பூட்டும் பக்கத்தில் மேலே ஒட்டுகிறது, கீழே ஒரு விரல் போகிற இடைவெளி. வலது கதவு மூடவே இல்லை. நடுவில் வண்டி தொய்ந்திருந்தது, தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் வைத்துவிட்டோம்.

பிறகு ஒரு வயதான டிங்கர் வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி நடந்தார், ஒன்றும் பேசவில்லை. கதவைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினார். “தம்பி, கதவு மாட்டி இருக்கும்போதே வெட்டணும்னு யாரும் சொல்லலையா?” என்றார். போட்ட சில் மொத்தத்தையும் அறுத்து எடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து.

சரியான வரிசை இது. வண்டியைச் சமதரையில் நாலு இடத்துக்கு மேல் தாங்கி நிறுத்துங்கள், நடுவிலும் தாங்கு வேண்டும். கதவுகள் மாட்டியபடியே எல்லா இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். கதவு ஓட்டையில் முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டிங், முன் கதவு பின் கதவு இரண்டிலும். இடது தூணிலிருந்து வலது தூணுக்கு வண்டிக்கு உள்ளே இன்னொன்று. அதன் பிறகு ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். புதிது வைத்து நாலைந்து இடத்தில் புள்ளி வெல்டிங் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். சரியாக மூடினால் மட்டும் முழு வெல்டிங். பிறகே அடுத்த பக்கம்.

அம்பாசிடருக்கும் இதே கதைதான். ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு, அங்கே பாடி இவ்வளவு சீக்கிரம் தொய்யாது.

இன்னொன்று: அரித்த தகரத்தின் மேலேயே புதுத் தகரம் போர்த்தி வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள். சீக்கிரம் முடியும், காசும் குறையும். இரண்டு தகரத்துக்கு நடுவில் ஈரம் தங்கி, இரண்டே மழைக்காலத்தில் உள்ளிருந்து அரித்து வெளியே வரும். அரித்ததை வெட்டி, நல்ல தகரம் வரும் வரை போய், அங்கேதான் இணைக்க வேண்டும்.

8. எஞ்சின்: பிஸ்டன் கைக்கு வந்த பிறகு ரீபோர்

டிங்கரிங் நடக்கும்போதே எஞ்சினை லேத்துக்கு அனுப்பலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

பத்மினி எஞ்சின் 1,089 சி.சி., சிலிண்டர் அகலம் 68 மி.மீ. தேய்ந்த சிலிண்டரை அறுத்துப் பெரிதாக்குவதுதான் ரீபோர், அதற்கேற்ற பெரிய பிஸ்டன்தான் ஓவர்சைஸ். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு: சிலிண்டரை அளந்து, “அடுத்த ஓவர்சைஸுக்கு ரீபோர் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பிஸ்டன் தேடப் போவது. அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காவிட்டால் இன்னும் பெரிதாக அறுக்க வேண்டும், சுவர் மெலியும். முதலில் பிஸ்டன் செட்டை வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுங்கள், அதை அளந்துதான் அவர் போர் பண்ண வேண்டும். கிராங்க் அரைப்பதற்கும் இதேதான், பேரிங் முதலில், அரைப்பது பிறகு.

ஹெட் அலுமினியம். ஒரு முறை சூடேறினாலே வளையும், எனவே ஃபேசிங் (அடிப்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று) பார்க்காமல் புது கேஸ்கட் போடுவது வீண். ஹெட் லேத்தில் இருக்கும்போதே வால்வு சீட்டுகளையும் கடினமானதாக மாற்றிவிடுங்கள். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட் தேயாமல் காத்தது. 2000-க்குப் பிறகு பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் ஈயம் இல்லை.

9. பிரேக்கும் பெட்ரோல் லைனும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்

எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் தெருமுனை வரை ஒரு ரவுண்டு போகத் தோன்றும். என்னுடன் வந்த ஒருவர் அப்படிப் போய் மாட்டுக் கொட்டகைச் சுவரில் நிறுத்தினார். நல்லவேளை, மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம், எல்லாம் ஒரே ஹைட்ராலிக் வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் வீல் சிலிண்டருக்குள் துரு இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் துருப் பள்ளத்தில் உரசிப் புது ரப்பர் கிழியும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதிதாக்குங்கள். வண்டியில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

டயர் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரம். டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருஷ டயரில் ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி உள்ளே துருவை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கார்புரேட்டரில் வந்து சேரும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்பு டயஃப்ரமும் அதற்கு ஊறி மென்மையாகிக் கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டே வாங்குங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்குமானால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துத் துருவை மறுபடி தொடங்கி வைக்கும்.

10. பெயிண்டுக்கு முன் ஒரு முறை முழுதாக மாட்டிப் பாருங்கள்

வெல்டிங் முடிந்த வெறும் பாடியில் ப்ரைமர் மட்டும் அடித்து, எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, பானெட், பம்பர், கிரில் எல்லாம் ஒரு முறை மாட்டுங்கள். வீட்டு வளாகத்துக்குள் நாலடி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு மறுபடி கழற்றுங்கள்.

சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், இரட்டை வேலை என்று. பம்பர் ஓட்டை அரை அங்குலம் தள்ளியிருப்பது இப்போது தெரிந்தால் ஒரு டிரில் போதும். பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால் அந்தப் பேனல் மொத்தமும் மறுபடி. எஞ்சினை இறக்கும்போது அதைத் தூக்கும் செயின் ஆடி எங்காவது இடிக்கும், ப்ரைமரில் இடித்தால் பரவாயில்லை.

11. பெயிண்ட்: நிறம், மாதம், அடிப்பூச்சு

நிறத்தை மாற்ற ஆசைப்பட்டால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஆய்வில் நிற்பீர்கள்.

பழைய பெயிண்டை எடுக்க மணல் அடிப்பது சுலபம். அடியில் இருக்கும் தடித்த பாகங்களுக்கும் சக்கரங்களுக்கும் செய்யலாம், கூரைக்கும் பானெட்டுக்கும் வேண்டாம், மெல்லிய தகரம் அலையலையாக நெளிந்துவிடும். அங்கே ரிமூவரும் கைத்தேய்ப்பும்தான். வெறும் தகரம் வெளிவந்த அன்றே எபாக்சி ப்ரைமர் அடித்துவிடுங்கள். இரவு விட்டால், விரல் பட்ட இடமெல்லாம் காலையில் துருவாகத் தெரியும்.

மலிவு ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தால் மேல்பூச்சின் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருங்க வைக்கும். அடியிலிருந்து மேல் வரை ஒரே கம்பெனி, ஒரே முறை. ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். மழை ஈரத்தில் மேல்பூச்சு வெளுத்துப் பனி படிந்ததுபோல் ஆகும். தை பிறந்த பிறகு பாருங்கள்.

12. வயரிங்: எர்த் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள்

புது வயரிங், புது பேட்டரி, எல்லாம் மாட்டியும் இடது இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கியது. எலெக்ட்ரீஷியன் இரண்டு நாள் சுவிட்சையே குடைந்தார். காரணம், எர்த் வயர் மாட்டும் இடமெல்லாம் பளபளவென்று பெயிண்ட். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் வேறு விளக்கு வழியாகப் போயிருக்கிறது. உப்புத்தாளால் நாணயம் அளவுக்குச் சுரண்டி, போல்ட் முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை ஒன்று கட்டாயம்.

பழைய வயரை அங்கங்கே டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள், பழைய சுவிட்ச் சூடேறாது. பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் சில நூறு ரூபாய்தான். வண்டியை நிறுத்தியதும் அணைத்துவிட்டுப் போகலாம்.

13. கண்ணாடி, குரோம், குஷன்

முன் கண்ணாடியை ரப்பரோடு சேர்த்து, ரப்பரின் உள் காடியில் நைலான் கயிறு ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். வெயிலில் ரப்பரை ஒரு மணி நேரம் காயவைத்தால் வளைந்து கொடுக்கும்.

குரோம் போடக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள், பரப்பி வைத்துப் போட்டோ எடுங்கள். வண்டியின் பெயர் எழுத்துகளை ‘லேசாகத் தேயுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். பஃபிங் சக்கரத்தில் எழுத்தின் ஓரம் மழுங்கினால் திரும்ப வராது. குஷன் வேலை கடைசி. அதற்கு முன் யாரையும் ஆயில் கையோடு உள்ளே உட்கார விடாதீர்கள்.

14. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஓட்டும் முன் இன்சூரன்ஸ். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் காட்டும் தொகைக்கு அப்படியே தலையாட்டாதீர்கள், வேலை பார்த்த பில்களையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் மிதமான வேகம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் கூட்டிக் குறைத்து. வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் சுற்றுங்கள். 500 முடிந்ததும் ஆயிலை மாற்றி, எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்கி, டேப்பெட் (வால்வு) இடைவெளி பாருங்கள். சக்கர நட்டு, ஸ்டியரிங் மூட்டுகள், பிரேக் ஹோஸ் முனைகள் எல்லாம் அன்றே.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள், முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அதில் கோடு போட்டு. காலையில் சொட்டு எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பார்த்தால் கசிவது எது என்று படுக்காமலே தெரியும். கருப்பு எஞ்சின் ஆயில், மஞ்சள் கலந்து கெட்டியாக நாறினால் கியர் ஆயில், சக்கரத்துக்கு உள்பக்கம் தெளிவாக விழுந்தால் பிரேக். முதல் இரண்டும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம். மூன்றாவது என்றால் அன்று சாவியை எடுக்காதீர்கள்.